பத்தாயிரம் அடிக்கும் அறாத களி

அக்னி லிங்கத்தைத் தாண்டி

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் செங்கம் சாலை முழுக்கத் தலைகள். அக்னி லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பேன், இடது பெருவிரலுக்கு அடியில் மடிப்பு விழும் இடத்தை ஒரு கல் சில்லு கீறிவிட்டது. வெறுங்காலோடு மலை சுற்றுகிறவர்களுக்கு இது பெரிய சேதி அல்ல. ஓரமாக உட்கார்ந்து சுக்குக்காபி ஒன்றை ஊதிக் குடித்து முடிப்பதற்குள் ரத்தம் நின்றுவிட்டது. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த பாட்டி எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆகாது சாமி. எழுந்து நட" என்றார்.

நடந்தேன். விடிகிற நேரத்தில் ஈசான்ய லிங்கத்துக்கு வந்து காலைத் தூக்கிப் பார்த்தால், அடைப்பு அப்படியே இருக்கிறது. பக்தியோடு பார்த்தால் அருணாசலேஸ்வரர் கருணை. கணக்கோடு பார்த்தால் தூக்கம் கெடுகிற விஷயம்.

கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கீறல் விழுந்தபோது சுமார் 12 கிலோமீட்டர் மிச்சம். அடிக்கு 60 சென்டிமீட்டர் என்று வைத்தால் 20,000 அடி. அதில் இடது காலின் பங்கு 10,000. ஒவ்வோர் அடியிலும் குதிகால் எழும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்கும். அடிப்பக்கத் தோல் இழுபடும். அதோடு சேர்ந்து, கீறலை அடைத்திருக்கும் ரத்த உறைவும் இழுபடும். பத்தாயிரம் முறை இழுத்து விட்டும் அறவில்லை.

அந்த உறைவு ஏதோ உறுதியான பசையாக இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் பொருள் மிக மிகக் கொஞ்சம். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில், உறைவை உண்டாக்கும் புரதமான ஃபைப்ரினோஜென் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம்தான் இருக்கிறது. வீட்டில் கடற்பாசி காய்ச்சும்போது நாம் போடுவது அதைவிடக் கூடுதல். அந்தக் கடற்பாசித் துண்டை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஒரு முறைகூடத் தாங்காது.

மென்மையாக இருந்து பிடிவாதமாக மாறுவது

இரண்டுமே ஒரே சாதிப் பொருள்கள்தான். நீரைச் சிறைபிடித்து வைத்திருக்கும் நுண்ணிய வலை. கொட்டினால் ஓடாது, தொட்டால் குழையும். பள்ளிப் புத்தகம் இதைக் களி என்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஜெல் என்பார்கள். வலை புரத நார்களால் ஆனதாக இருந்தால் அதை நார்க்களி என்று வைத்துக்கொள்வோம். ரத்த உறைவு ஒரு நார்க்களி; ஃபைப்ரினோஜென் நாராகத் திரண்டு ஃபைப்ரின் என்ற வலையாகிறது. தோலின் உள்ளடுக்கும் ரத்தக்குழாய்ச் சுவரும் அடிப்படையில் இப்படி நீர் ஏந்திய நார் வலைகளே.

நார்க்களியின் குணம் தெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். காது மடலைப் பிடித்து மெதுவாக இழுங்கள். முதலில் தாராளமாக வரும். பிறகு ஓர் இடத்தில் சட்டென்று 'போதும்' என்று நிற்கும். அதற்கு மேல் இழுத்தால் வலிக்கும், நீளாது. ரப்பர் வளையத்தில் இந்தச் சட்டென்ற மாற்றம் இல்லை. அது கொஞ்ச தூரம் வரை இழுத்த இழுப்புக்கு ஏற்ற நீளம் கொடுத்துக்கொண்டே போகும்.

இழுக்க இழுக்கத் தானே இறுகிக்கொள்ளும் இந்தக் குணத்துக்கு இழுவிறுக்கம் என்று பெயர் வைப்போம். ஃபைப்ரின் களி நன்றாக இழுபட்ட நிலையில், ஆரம்பத்தில் இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விறைத்துவிடும்.

பொருள் மாறவில்லை, சூடு மாறவில்லை, புதிதாக எதுவும் சேரவில்லை. அப்படியிருக்க விறைப்பு எங்கிருந்து வருகிறது?

காசித்துண்டில் ஒரு சோதனை

கோயில் வாசல் கடையில் விற்கும் மெல்லிய காசித்துண்டு ஒன்று போதும். முதலில் நூல் ஓடும் திசையில் இரண்டு கையாலும் இழுங்கள். கிட்டத்தட்ட நீளவே நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுங்கள். வெகு சுலபமாக நீளும். நடுவில் இடுப்பு போல ஒடுங்கும். ஓரளவுக்கு மேல் கயிறாகத் திரண்டு, பிறகு அசையாது.

அதே துண்டு, அதே நூல். குறுக்காக இழுக்கும்போது நூல் எதுவும் நீளவில்லை. ஊடும் பாவும் சேர்ந்த சின்னச் சின்னச் சதுரங்கள் சாய்ந்து டைமண்டு கற்கண்டு வடிவத்துக்கு வந்தன, அவ்வளவுதான். நூல்கள் திரும்பிக்கொண்டன. எல்லாம் இழுக்கும் திசைக்குத் திரும்பி முடிந்த பிறகுதான் நூலே நீண்டாக வேண்டிய கட்டாயம் வருகிறது. அங்கே துண்டு பிடிவாதம் பிடிக்கிறது.

இதில் இரண்டு தனித்தனிச் செலவுகள் இருக்கின்றன. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி வளைத்துப் பாருங்கள். விரல் நுனி போதும். அதே குச்சியின் இரு முனையையும் பிடித்து நீளவாக்கில் இழுத்து நீட்டப் பாருங்கள், பலசாலிக்கும் முடியாது. நார் எதுவானாலும் வளைப்பது மலிவு, நீட்டுவது விலை அதிகம். நார்க்களியை இழுக்கும்போது அது முதலில் மலிவான வழியைத் தேர்ந்தெடுக்கிறது. வளையக்கூடியதெல்லாம் வளைந்து, திரும்பக்கூடியதெல்லாம் திரும்புகிறது. மலிவு வழிகள் தீர்ந்த பிறகுதான் கையிருப்பில் கைவைக்கிறது.

ஒடுங்குவதையும் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பந்தல்காரருக்குத் தெரிந்தது

மலிவு வழி எத்தனை இருக்கும் என்பதை எண்ணிச் சொல்ல ஒரு பழைய கணக்கு இருக்கிறது. தீபத் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர்கள் அதைக் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நான்கு கம்புகளைச் சதுரமாகக் கட்டினால் பந்தல் காற்றடித்த பக்கம் சாயும். ஒரு குறுக்குக் கம்பு கொடுத்தால் நிற்கும். 1864இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் இதையே பொதுவிதியாக எழுதினார். முப்பரிமாணத்தில் ஒரு சட்டகம் வெறும் கம்புகளின் இழுவிசையாலும் தள்ளுவிசையாலும் மட்டுமே சாயாமல் நிற்க வேண்டுமானால், ஒவ்வொரு முடிச்சிலும் சராசரியாக ஆறு கம்புகள் சேர வேண்டும்.

நார்க்களியின் முடிச்சுகளைப் பாருங்கள். ஒரு நார் கிளைவிட்டுப் பிரியும் இடத்தில் மூன்று கைகள். இரண்டு நார்கள் குறுக்கே ஒட்டிக்கொள்ளும் இடத்தில் நான்கு. சராசரி மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. மேக்ஸ்வெல் கணக்குப்படி இது துவண்டு விழ வேண்டிய பந்தல். விழாமல் இருப்பதற்கு ஒரே காரணம், நார்களுக்கு வளையாமல் எதிர்க்கும் கொஞ்சம் விறைப்பு இருப்பதுதான். களியின் ஆரம்ப மென்மை இந்தச் சொற்ப விறைப்பிலிருந்து வருகிறது.

இழுக்க இழுக்கத் துவளும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். குறிப்பிட்ட ஓர் இழுப்பில் எல்லாம் அடைபட்டு, வலை வளைவதிலிருந்து நீள்வதற்குத் தாவும். ஆம்ஸ்டர்டாமில் கணக்கு போடுகிறவர்களும் களி காய்ச்சுகிறவர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, தோலின் முக்கியப் புரதமான கொலாஜனின் களியில் இந்தத் தாவல், சூடேறும் காந்தம் தன் காந்தத்தன்மையை இழப்பது போன்ற தொடர்ச்சியான நிலைமாற்றங்களின் இலக்கணத்துக்கு உட்பட்டது என்று காட்டியது. இழுத்தால் தோல் இறுகுவது வெறும் சோம்பல் முறிப்பு அல்ல என்பது இதில் எனக்குப் பிடித்த செய்தி.

பத்து வடங்கள்

இனி ஓர் உதாரணத்தை எடுத்து, விரல் விட்டு எண்ணியே பார்த்துவிடலாம். திருவண்ணாமலையில் இருந்துகொண்டு தேரை விட்டால் எப்படி? கார்த்திகை விழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் ஓடும். அம்மன் தேரைப் பெண்களும் சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்களும் இழுப்பார்கள். நமக்கு ஒரு கற்பனைத் தேர் போதும்.

தேருக்கு முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள், நகராது. அதில் பத்து வடங்கள் கட்டியிருக்கின்றன. பத்தின் மறுமுனையும் ஒரே நீண்ட கம்பியில் முடிந்திருக்கிறது. எல்லோரும் அந்தக் கம்பியைப் பிடித்துப் பின்னால் நகர்கிறார்கள். ஆனால் வடங்களின் நீளம் ஒன்றுபோல இல்லை. முதல் வடத்தில் தொய்வே இல்லை. இரண்டாவதில் ஒரு சாண் தொய்வு. மூன்றாவதில் இரண்டு சாண். இப்படியே போய், பத்தாவதில் ஒன்பது சாண். தொய்வு தீர்ந்த எந்த வடமும் அதற்குமேல் நீளும் ஒவ்வொரு சாணுக்கும் ஓர் ஆள் பலம் கேட்கும்.

கம்பியை ஒரு சாண் நகர்த்துங்கள். முதல் வடம் மட்டும் இழுபடுகிறது. ஓர் ஆள் போதும். இரண்டு சாண்: முதல் வடம் இரண்டு ஆள் கேட்கிறது, இரண்டாவது ஒன்று, மொத்தம் 3. மூன்று சாணுக்கு 6. நான்குக்கு 10. ஐந்துக்கு 15. பத்து சாணுக்கு 55.

ரப்பராக இருந்தால் 1, 2, 3, 4, 5 என்று படியேறியிருக்கும். இங்கே 1, 3, 6, 10, 15. முதல் சாணுக்கு ஓர் ஆள் கூடினால் போதும்; பத்தாவது சாணுக்குப் பத்து ஆள் கூட வேண்டும். அதாவது ஆரம்பத்தைப் போலப் பத்து மடங்கு விறைப்பு. இதில் எந்த வடமும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசிவரை ஒவ்வொன்றும் சாணுக்கு ஓர் ஆள்தான். மாறியது, வேலைக்கு வந்த வடங்களின் எண்ணிக்கை.

நார்க்களியின் ரகசியத்தில் பாதி இதுதான். காது மடல் மென்மையாக இருப்பது அதன் நார்கள் மென்மையானவை என்பதால் அல்ல. பெரும்பாலான நார்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை என்பதால். மென்மை என்று நாம் தொட்டு உணர்வது பொருளை அல்ல, தொய்வை.

உண்மைக் களியில் வடங்கள் ஒரே திசையில் கிடப்பதில்லை. நாலாபக்கமும் தாறுமாறாகக் கிடக்கும். இழுப்புக்குக் குறுக்கே கிடப்பவை வேலைக்கு வராததோடு, நசுங்கி வளைந்தும்விடும். ஆகவே ஓர் இழுப்பு களியின் நார்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறது: நிமிர்ந்தவை, மடங்கியவை. வியன்னாவில் கார்ல் லாங்கர் 1861இல் இறந்தவர்களின் தோலில் வட்டமாகத் துளை குத்திப் பார்த்தார். துளைகள் வட்டமாக நிற்கவில்லை, நீள்வட்டமாக இழுபட்டன. தோல் எந்த இடத்தில் எந்தத் திசையில் இறுகிக் கிடக்கிறது என்பதை அவை வரைபடம்போலக் காட்டின. அறுவை மருத்துவர்கள் இன்றும் அந்தக் கோடுகளை ஒட்டிக் கத்தி வைக்க முயல்கிறார்கள். தழும்பு மெலிதாக ஆறும்.

வடம் தானே நீண்டால்

ஃபைப்ரினுக்கு இன்னொரு கையிருப்பும் உண்டு. அதன் ஒற்றை நார் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. 2006இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஓர் ஆய்வுக்குழு, சிறு பள்ளங்களின் மேல் பாலம்போல நார்களைப் படியவைத்து, மிக நுண்ணிய ஊசிமுனையால் பக்கவாட்டில் இழுத்தது. சராசரியாக, தன் நீளத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் நீண்ட பிறகுதான் நார் அறுந்தது. ஏறத்தாழ மூன்று மடங்கு வரை இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பியது. சிலந்தி நூலையும் மிஞ்சிய சங்கதி இது. மேக்ஸ்வெல் பந்தலின் கம்பே ரப்பராக இருப்பதுபோல.

நாருக்குள் இருக்கும் புரத மூலக்கூறுகள் சுருண்டு மடிந்த சங்கிலிகள். கடுமையான இழுப்பில் அந்த மடிப்புகளே பிரிகின்றன. ஆக, முதலில் வலையின் தொய்வு, பிறகு நாரின் நீட்சி, கடைசியில் மூலக்கூறின் மடிப்பு. ஒரு கஞ்சன் சில்லறை தீர்ந்து, நோட்டு தீர்ந்து, கடைசியாக வங்கிக்குப் போவதுபோல அடுக்கடுக்கான சேமிப்பு.

இப்போது காசித்துண்டின் இடுப்புக்கு வருவோம். ரப்பரை இழுத்தால் அதன் கன அளவு அநேகமாக மாறாது. நீளம் கூடிய அளவுக்கு அகலம் குறையும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009இல் உறைவுத் துண்டுகளை இழுத்தபோது அகலம் அதையும் தாண்டி வெகுவாகச் சுருங்கியது. கன அளவே சரிந்தது. காரணம் எளிது, வலையிலிருந்த நீர் வெளியேறிவிட்டது. மடிப்பு பிரிந்த புரதங்களின் நீரை விரும்பாத பகுதிகள் வெளியே வந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதும் இதற்குத் துணை போனது. நனைந்த துண்டை மூலைக்கு மூலை இழுத்தால் சொட்டுமே, அதேதான். என் பெருவிரலுக்கு அடியில் ஒவ்வோர் அடியும் உறைவைக் கொஞ்சம் பிழிந்து கெட்டியாக்கிக்கொண்டிருந்தது. பாட்டி சொன்ன 'எழுந்து நட'வில் இத்தனை இயற்பியல் இருந்ததென்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அவர் தவறாகவும் சொல்லவில்லை.

சென்னையில் முறுக்கிய கயிறு

கீறல் ஆறும்போது ஃபைப்ரின் விலகி, அந்த இடத்துக்குக் கொலாஜன் வரும். தோல், தசைநாண், எலும்பு என்று உடம்பில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். அதன் கட்டமைப்பைக் கண்டுபிடித்தது நம் ஊரில்.

ஜி.என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்தார். வயது முப்பதைத் தொடவில்லை. அந்த வருடம் சென்னைக்கு வந்த படிகவியல் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது. தோல் என்றாலே கொலாஜன்; ஆம்பூரும் வாணியம்பாடியும் பிழைப்பது அதை வைத்துத்தான். அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரில் காட்டி, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954இலும் 1955இலும் அவர் விடையை வெளியிட்டார். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு. ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். முறுக்கின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. சில பிணைப்புகளின் விவரத்தில், இதே புதிரை ஆராய்ந்த கிரிக்கும் ரிச்சும் திருத்தம் சொன்னார்கள், மும்முறுக்கு நிலைத்தது.

முறுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆட்டுக்கால் சூப்பே சாட்சி. (கிரிவலக் கதையில் இது நுழைவதற்கு மன்னிக்க வேண்டும்.) கால் எலும்பையும் நாணையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் மும்முறுக்கு பிரிந்து ஒற்றைச் சங்கிலிகள் சூப்பில் கரைகின்றன. ஆறவைத்தால் களியாக உறையும். அது ஜெலட்டின். ஆட்டை மலையேற்றிய தசைநாணும் கரண்டி பட்டால் உடையும் இந்தக் களியும் ஒரே புரதம். இரண்டுக்கும் நடுவில் தொலைந்தது கயிறு மட்டும்.

கண்ணாடித் தட்டில் தோல்

உடம்புக்கு வெளியே தோல் போன்ற ஒன்றைச் செய்து பார்ப்பதும் கிட்டத்தட்ட சமையல்தான், ஆனால் தலைகீழ்ச் சமையல். எலி வாலின் நாணிலிருந்து கொலாஜனை வினிகரின் அமிலத்தில் கரைத்துப் பனிக்கட்டியில் வைத்திருப்பார்கள். அமிலத்தை முறித்து, உடம்புச் சூடான 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரத்துக்குள் உறைந்துவிடும். கடற்பாசி ஆறினால் உறையும். இது சூடானால் உறைகிறது. கயிறுகள் தாமே பக்கத்தில் பக்கமாக அடுக்கிக்கொண்டு நார்களாகின்றன.

அது உறையும் முன்பே தோலின் நார்ச்செல்களைக் கலந்துவிட்டால் வேடிக்கை ஆரம்பமாகும். நார்ச்செல் என்பது கொலாஜனைச் செய்வதும் பிடித்து இழுப்பதுமாக இருக்கும் செல். 1979இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் யூஜின் பெல்லும் உடன் உழைத்தவர்களும் இப்படிச் செய்தபோது, தட்டை நிறைத்த களி 24 மணி நேரத்தில் பரப்பளவில் 28இல் ஒரு பங்காகச் சுருங்கி, திசுவைப் போலக் கெட்டியானது. யாரும் வெளியிலிருந்து இழுக்கவில்லை. ஆயிரக்கணக்கான செல்கள் ஆளுக்கொரு வடத்தைப் பிடித்து இழுத்தன. அந்த வழியில் பிறந்த செயற்கைத் தோல் ஒன்றை, காலில் ஆறாத புண்களுக்குப் பயன்படுத்த அமெரிக்கா 1998இல் அனுமதித்தது.

1981இல் ஆல்பர்ட் ஹாரிஸ் குழு செய்த சோதனை இன்னும் அழகு. கொலாஜன் களியில் ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு திசுத் துண்டுகளை வைத்தார்கள். இரண்டும் தத்தம் பக்கம் இழுத்ததில், நடுவிலிருந்த நார்கள் நிமிர்ந்து, ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு நேர்கோடாகத் தசைநாண் போன்ற பட்டை உருவானது. வரைபடம் போட்டுக்கொடுக்க யாருமில்லை. இழுத்ததே வரைபடமாகிவிட்டது. ரப்பரில் இப்படி ஒரு காரியம் நடக்காது. அதில் இழுப்பு நாலாபக்கமும் பரவிச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். நார்க்களியில் இழுப்பு, தான் நிமிர்த்திய நார்களின் வழியாகவே வெகுதூரம் போகிறது. ஒரு செல்லின் பிடியை, தன்னைப் போலப் பல மடங்கு தூரத்தில் இருக்கும் இன்னொரு செல் உணர முடிகிறது.

வடத்துக்கு நினைவு உண்டு

இதுவரை ஒரே ஒரு முறை இழுத்தோம். பத்தாயிரம் முறை என்பதல்லவா நம் கேள்வி?

கற்பனைத் தேருக்குத் திரும்புவோம். முதல் தடவை கம்பியை ஐந்து சாண் நகர்த்தினோம், 15 ஆள் பிடித்தது. முதல் ஐந்து வடங்கள் முறையே ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒரு சாண் நீண்டன. இப்போது கம்பியை விடுகிறோம். வடத்தின் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் வழுக்கியிருப்பதால், ஒவ்வொன்றும் நீண்டதில் பாதியை நிரந்தரமாக வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். தொய்வே இல்லாத முதல் வடத்தில் இப்போது இரண்டரைச் சாண் தொய்வு. இரண்டாவதில் மூன்று, மூன்றாவதில் மூன்றரை, அப்புறம் நான்கு, நாலரை. மற்ற ஐந்தும் பழையபடி.

மறுபடி இழுங்கள். முதல் இரண்டு சாணுக்கு ஓர் ஆளும் தேவையில்லை. மூன்று சாணுக்கு அரை ஆள். நான்குக்கு 3. ஐந்துக்கு ஏழரை, முன்பு கேட்டதில் பாதி. வடங்கள் நைந்துபோய்விட்டன என்றே தோன்றும். விடாமல் பத்து சாண் வரை போங்கள். முன்பு 55 ஆள், இப்போது 47½. கடைசிச் சாணுக்கு மட்டும் எத்தனை ஆள் கூடுகிறது என்று பாருங்கள்: அன்றும் பத்து, இன்றும் பத்து. உச்ச விறைப்பு கொஞ்சமும் குறையவில்லை. அது வந்து சேரத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

ஸ்டெஃபான் முன்ஸ்டர் முதலானோர் 2013இல் வெளியிட்ட சோதனையில், நார்களுக்குள் வேதிக் குறுக்குப் பிணைப்பு போடாத ஃபைப்ரின் களியும் கொலாஜன் களியும் இதே போக்கைத்தான் காட்டின. ஒருமுறை பலமாக இழுபட்ட களி அடுத்த முறை தாமதமாக இறுகியது. ஆனால் இறுகும்போது பழைய உச்சத்தை எட்டியது. சுமை தாங்கிய நார்கள் நீண்டுபோயிருந்தன. குறுக்குப் பிணைப்பு போட்டால் இந்தத் தாமதம் தடைபட்டது. எந்த அளவுக்கு இழுபட்டதோ அந்த அளவுக்குத் தன்னைத் தொய்வாக்கிக்கொள்கிறது களி. உடம்பு உறைவில் குறுக்குப் பிணைப்பும் போடும் என்றாலும், காலின் உறைவு முதல் சில அடிகளிலேயே என் நடையின் அளவை ஓரளவுக்குக் கற்றுக்கொண்டிருக்கலாம். அப்படியானால், அதற்குப் பிறகு வந்த அடிகள் பெரும்பாலும் ஏற்கெனவே விட்டுக்கொடுத்த தொய்வுக்குள் நடந்தவை. எதிர்பாராமல் கால் அகலமாகப் பட்டால் தடுக்க, உச்ச விறைப்பு பின்னால் காத்திருந்தது.

இந்த நினைவை மதுரைப் பக்கத்துப் பாட்டிகளும் திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டிகளும் காதில் தொங்கவிட்டிருந்தார்கள். தண்டட்டி, பாம்படம் போட்டு வளர்த்த காதுகள். கையால் வெடுக்கென்று இழுத்தால் அரை அங்குலத்தில் பிடிவாதம் பிடிக்கும் அதே மடல், துளையில் சிறு சிறு கனமாக மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போனால் தோள்வரை இறங்கிற்று. நார்கள் வழுக்கி நீள நேரம் கிடைத்தது. அதற்குள் நார்ச்செல்கள் புது நீளத்துக்கு ஏற்பப் புதுக் கொலாஜனையும் போட்டுவிட்டன. களியோடு அவசரப்பட்டால் அது கயிறு. பொறுமையாக இருந்தால் கிட்டத்தட்டக் குழம்பு. காது வளர்த்தவர்களுக்கு எவ்வளவு கனம், எத்தனை நாள் என்பது மனக்கணக்காகத் தெரிந்திருந்தது.

தழும்பைக் கிள்ளினால்

மலை சுற்றி வந்து சில வாரங்களுக்குப் பிறகு விரலடியில் ஒரு வெளுத்த கோடு மட்டும் மிஞ்சியது. உறைவின் ஃபைப்ரினை உடம்பே கரைத்துவிட்டது. நார்ச்செல்கள் அந்த வலைக்குள் புகுந்து இரு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்து, கொலாஜனைப் போட்டு மூடிவிட்டன.

அந்தக் கோட்டை நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். பக்கத்துத் தோல் கொஞ்சம் இளகி எழுகிறது, கோடு எழவில்லை. தழும்பில் இருப்பதும் அதே கொலாஜன், அதே மும்முறுக்கு. பக்கத்துத் தோலில் அது கூடை முடைந்தது போலப் பல திசையில் தொய்வோடு கிடக்கிறது. தழும்பில், அவசரமாக இழுத்து மூடியபோது இழுத்த திசையிலேயே இணையாகப் படிந்துவிட்டது. பத்து வடத்திலும் தொய்வில்லாத தேர்.